கீழ் ஈறில் வலியில்லாத நீலக் கட்டி: ரூட் கெனால் செய்யத்தான் வேண்டுமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 12

அம்மாவுக்கு 54 வயது. கீழ்வரிசையில் இடது கோரைப்பல்லுக்கும் அதற்கு அடுத்த பல்லுக்கும் நடுவே, வெளிப்பக்க ஈறில், மிளகு அளவுக்கு ஒரு கட்டி. லேசான நீலம். எட்டு மாதமாக இருக்கிறது, வலி கிடையாது. சீழ்க்கட்டி என்று சொல்லி ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார்கள், அடங்கவில்லை. கீறி விட்டார்கள். தண்ணீர் மாதிரி வந்தது, கட்டி அமுங்கியது. இரண்டு மாதத்தில் அதே இடத்தில் அதே அளவில் திரும்ப வந்துவிட்டது. இப்போது அந்தப் பல்லுக்கு ரூட் கெனால் செய்தால்தான் தீரும் என்கிறார்கள். பல்லில் சொத்தை இல்லை, ஆட்டமும் இல்லை. செய்து விடலாமா?

ஜனவரி 12, மாலை

செய்ய வேண்டாம். குறைந்தபட்சம், பல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் வரை வேண்டாம்.

ரூட் கெனால் என்பது பல்லுக்குள் இருக்கும் நரம்புச் சதை செத்துவிட்டால், அல்லது சாகப்போகிற நிலையில் இருந்தால் செய்வது. வேர் நுனியில் சீழ் பிடித்து ஈறில் கொப்புளம் வருவது உண்மைதான், தினமும் பார்க்கிறோம். ஆனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்: ஆழமான சொத்தை, பழைய அடைப்பு, எப்போதோ விழுந்து அடிபட்டது, விரிசல். சொத்தையே இல்லாத பல்லின் பக்கத்தில், எட்டு மாதம் வலிக்காமல், உள்ளே சீழ் இல்லாமல் தண்ணீர் மட்டும் இருக்கிற கட்டி என்றால் என் மனம் வேறு பக்கம் போகிறது.

பல்லைச் சோதிப்பது பெரிய வித்தை இல்லை. குளிர் வைத்துப் பார்ப்பது. அதற்கென்று ஸ்ப்ரே இருக்கிறது. அது இல்லாத கிளினிக்கில் ஊசி மூடியில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்தால் பென்சில் மாதிரி ஒரு ஐஸ் குச்சி கிடைக்கும். பல்லைத் துடைத்து உலர்த்தி அதை வைத்தால், உயிருள்ள பல் ‘சுரீர்’ என்று சொல்லும், எடுத்ததும் சில நொடியில் அடங்கிவிடும். எடுத்த பிறகும் வலி நீடித்தால் உள்ளே புண் இருக்கிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் செத்திருக்கலாம். இந்தச் சோதனை செய்தார்களா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

ஜனவரி 12, இரவு

மாலை எழுதியதில் ஒரு விளிம்பு விட்டுப் போயிற்று. குளிர் தெரியவில்லை என்ற உடனே பல் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. ஐம்பது வயதுக்கு மேல் பல்லின் உள்ளறை சுருங்கிக்கொண்டே வரும், பதில் மெதுவாக வரும், சிலருக்கு வராமலே போகும். கேப் போட்ட பல்லில் குளிர் உள்ளே இறங்காது. அதனால் சந்தேகப் பல்லை முதலில் தொடாதீர்கள். வலது பக்கம் அதே பல்லில் வைத்துப் பார்த்து, அம்மாவின் பல் சாதாரணமாக எப்படிப் பதில் சொல்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு இடது பக்கம் வர வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி பதில் சொன்னால் நிம்மதி.

ஜனவரி 14

பதில் வந்திருக்கிறது. சோதனை எதுவும் நடக்கவில்லை, எக்ஸ்ரே மட்டும் எடுத்தார்கள், அதில் ‘வேர் நுனிக்குப் பக்கத்தில் கறுப்பாக இருக்கிறது’ என்று காட்டினார்கள் என்கிறார்.

எனக்கு இது வேறு ஒருவரின் கதை மாதிரி தோன்றவில்லை. என் கதைதான்.

நான் கிளினிக் திறந்த இரண்டாவது வருடம். தையல்காரர் ஒருவர், நாற்பதுகளில் இருந்தார். கீழ் முன்கடைவாய்ப் பல்லுக்குப் பக்கத்தில் ஈறு லேசாக வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் வேரை ஒட்டி ஒரு கறுப்புப் பொட்டு. சீழ்க்கட்டி என்று முடிவு செய்து பல்லைத் திறந்தேன். செத்த பல்தானே என்று மரத்துப்போக ஊசிகூடப் போடவில்லை. டிரில் உள்ளே இறங்கியதும் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்தார். உள்ளே சிவப்பாக ரத்தம் வந்தது. செத்த பல்லில் வலிக்காது, அப்படி ரத்தமும் வராது. இரண்டும் என் கண் முன்னால் நடந்தது. ஆனால் ஆரம்பித்த வேலையை நிறுத்தத் தைரியம் இல்லை. ஊசி போட்டு, நல்ல நரம்பை எடுத்து, வேரை அடைத்து அனுப்பினேன்.

வீக்கம் அப்படியே இருந்தது. நான்கு மாதம் கழித்து எனக்குப் பாடம் எடுத்த மூத்த மருத்துவரிடம் படத்தைக் காட்டினேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘நுனி எங்கே இருக்கு, பொட்டு எங்கே இருக்கு?’ என்று மட்டும் கேட்டார். பொட்டு நுனியில் இல்லை. இரண்டு வேர்களுக்கும் நடுவே, பாதி உயரத்தில், கண்ணீர்த் துளி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. லேட்டரல் பெரியோடான்டல் சிஸ்ட். உயிருள்ள பல்லின் விலாவில் வரும் நீர்க்கட்டி.

கட்டியை எடுத்தோம், குணமாயிற்று. பல்லுக்கு உயிர் திரும்பவில்லை. அவர் என் மேல் கோபப்படவும் இல்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஜனவரி 15

படம் அனுப்பியதற்கு நன்றி. பார்த்தேன். இரண்டு விஷயம் தெரிகிறது.

ஒன்று, அவர்கள் காட்டிய ‘கறுப்பு’ கோரைப்பல்லின் நுனியில் இல்லை. இன்னும் பின்னால், முன்கடைவாய்ப் பற்களின் நுனிக்கு அருகில் இருக்கிறது. அந்த இடத்தில் எல்லோருக்குமே தாடை எலும்பில் ஒரு துளை உண்டு. மென்டல் ஃபொராமென். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு வெளியே வருகிற வாசல் அது. படத்தில் கறுப்புப் புள்ளியாக விழும், சில கோணத்தில் பல் நுனியின் மேலேயே உட்கார்ந்துவிடும். நோய் என்று நினைத்துப் பல்லைத் திறந்தவர்கள் உண்டு. கோணத்தை மாற்றி இன்னொரு படம் எடுத்தால் புள்ளி நுனியை விட்டு நகர்ந்துவிடும்.

இரண்டு, கட்டி இருக்கிற இடத்தில், கோரைப்பல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே, எலும்பில் எனக்கு எதுவும் தெரியவில்லை. வேரைச் சுற்றி இருக்க வேண்டிய மெல்லிய வெள்ளைக் கோடு அறுபடாமல் இருக்கிறது. அப்படியானால் கட்டி எலும்புக்கு வெளியே, ஈறுச் சதைக்குள் மட்டும் இருக்கிறது. பெரியவர்களுக்கு வரும் ஈறு நீர்க்கட்டி, ஜின்ஜைவல் சிஸ்ட். பொருத்தம் எல்லாம் சரியாக இருக்கிறது: ஐம்பதுகளில் வயது, கீழ்த்தாடை, கோரைப்பல் பக்கம், வெளிப்புற ஈறு, அரை சென்டிமீட்டருக்குள் அளவு, நீலம், வலியில்லை. நீலம் என்றதும் ரத்தக்குழாய்க் கட்டியோ என்றும் பார்க்க வேண்டும். கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினால் ரத்தக்குழாய்க் கட்டி வெளுக்கும். நீர்க்கட்டியில் நீலம் தெரிவது மேல்தோல் மெலிந்து உள்ளே இருக்கிற நீர் கண்ணுக்குப் படுவதால்.

இது என் யூகம்தான். நுண்ணோக்கியில் பார்க்காமல் யாரும் பெயர் வைக்கக் கூடாது.

ஜனவரி 15, சற்றுக் கழித்து

‘தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ என்று கேட்டிருக்கிறார்.

குழந்தை வயிற்றில் இருக்கும்போதே பற்கள் உருவாக ஆரம்பிக்கின்றன. ஈறிலிருந்து ஒரு தோல் பட்டை உள்ளே இறங்கி, அதன் நுனியில் பல் முளை கட்டும். வேலை முடிந்ததும் பட்டை சிதைந்து போய்விடும். ஆனால் முழுவதும் போகாது. கல்யாணப் பந்தலைப் பிரித்துக்கொண்டு போன பிறகு வாசலில் மூங்கில் குழியும் கயிற்றுத் துண்டும் கிடக்குமே, அந்த மாதிரி சில செல் கூட்டங்கள் ஈறிலும் எலும்பிலும் மிஞ்சும். செர்ரே எச்சங்கள் என்று பெயர். பெரும்பாலும் ஆயுள் முழுக்கச் சும்மா கிடக்கும். ஏதோ ஒரு கூட்டம் நாற்பது, ஐம்பது வருடம் கழித்து விழித்துக்கொண்டு பை கட்டும், பைக்குள் நீர் சேரும். ஈறில் கட்டினால் ஜின்ஜைவல் சிஸ்ட், வேர்களுக்கு நடுவே எலும்பில் கட்டினால் நான் தையல்காரரிடம் தவறவிட்ட சிஸ்ட். ஒரே குடும்பத்தில் பிறந்த இரண்டு பேர், வீடுதான் வேறு.

பையைக் கீறினால் நீர்தான் போகும், பையின் சுவர் அங்கேயே இருக்கும். அதனால்தான் இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. மாத்திரையால் ஒன்றும் ஆகாததற்குக் காரணமும் இதுவே, அங்கே கிருமியே கிடையாது.

ஜனவரி 18

புற்றுநோயாக மாறுமா? அம்மா தூங்கவில்லையாம். இந்த வகைக் கட்டி அப்படி மாறுவது அபூர்வத்திலும் அபூர்வம். தூங்கச் சொல்லுங்கள்.

ஆனால் இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக: ஆறாத புண், தொட்டால் கல் மாதிரி கெட்டியாக இருப்பது, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணமில்லாமல் பல் ஆடுவது, உதடு மரத்துப்போவது, வாய் திறக்க முடியாமல் இறுகுவது, இதில் ஒன்று இருந்தாலும் இந்த இழையைப் படித்துக்கொண்டு உட்கார வேண்டாம். இரண்டு வாரம் ஆறாத புண் என்றால் மூன்றாவது வாரம் டாக்டர் முன்னால் இருக்க வேண்டும். புகையிலையும் பாக்கும் போடுகிறவர்கள் அதற்கும் முன்னாலேயே.

ஜனவரி 21

இன்னொரு வாசகி கேட்டது. பிறந்து பன்னிரண்டு நாளான பேரனின் ஈறில் அரிசிக் குறுணை மாதிரி வெள்ளைப் புள்ளிகள். பல் முளைத்துவிட்டது, குடும்பத்துக்கு ஆகாது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். துணியில் உப்பைத் தொட்டுத் தேய்க்கச் சொன்னார்களாம்.

தயவுசெய்து தேய்க்காதீர்கள் அம்மா. அது பல் இல்லை. மேலே சொன்ன அதே பட்டையின் மிச்சம், குழந்தைக்குச் சின்னச் சின்ன நீர்க்கட்டிகளாக வருவது. உள்ளே இருப்பது கெரட்டின் என்ற பொருள், நம் தோல் உதிர்கிற மாதிரிதான். பச்சைக் குழந்தைகளில் மிகச் சாதாரணம். தாமாகவே உடைந்து மூன்று மாதத்துக்குள் மறைந்துவிடும். பால் குடிப்பதற்குத் தடையில்லை. தேய்த்தால் ஈறு புண்ணாகும், புண்ணில் கிருமி ஏறும். இவற்றை எப்ஸ்டீன் முத்துகள் என்பார்கள்.

நிஜமாகவே பல்லோடு பிறக்கிற குழந்தைகளும் உண்டு. அது தொட்டால் கெட்டியாக, பல் வடிவத்தில், பெரும்பாலும் கீழ் முன்பக்கம் இருக்கும். ஆடினால் காட்டுங்கள். குடும்பத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் வராது.

ஜனவரி 22

திருத்தம். நேற்று எப்ஸ்டீன் முத்துகள் என்று எழுதியது தவறு. எங்கள் பாடப்புத்தகங்களிலேயே குழம்பிக் கிடக்கிற இடம், நானும் குழம்பிவிட்டேன். 1880-இல் அலோய்ஸ் எப்ஸ்டீன் விவரித்தவை மேலண்ணத்தின் நடுக்கோட்டில் வருபவை, அவற்றுக்கும் பல் பட்டைக்கும் சம்பந்தமில்லை. அண்ணத்தின் இரண்டு பாதியும் சேர்கிற தையலில் சிக்கிய செல்களிலிருந்து வருபவை. அவருக்கு முன்பே 1866-இல் ஹைன்ரிச் போன் விவரித்தவை போன் முடிச்சுகள், ஈறு மேட்டின் உள், வெளிப் பக்கங்களிலும் அண்ணத்திலும் வருபவை. ஈறு மேட்டின் உச்சியில் வருவதைப் பல் பட்டைக் கட்டி என்று தனியாகச் சொல்வதே சரி. வாசகி அனுப்பியிருக்கும் விவரப்படி குழந்தைக்கு இருப்பது இந்தக் கடைசி வகை.

சிகிச்சை மூன்றுக்கும் ஒன்றுதான்: எதுவும் செய்யாமல் இருப்பது.

ஜனவரி 22, இரவு

அதே வீட்டில் மூத்த பேத்திக்கு ஆறு வயது, பின்பக்கம் ஊதா நிறத்தில் மெத்தென்று வீக்கம், அடியில் கடைவாய்ப் பல் வருகிறது. இதுவும் நீர்க்கட்டிதான், முளைக்கிற பல்லின் தலைக்கு மேல் சேர்வது. ரத்தம் கலந்தால் ஊதாவாகத் தெரியும். பல் வெளியே வந்ததும் போய்விடும். வலித்தாலோ பல் பல வாரம் மேலே வராமல் நின்றாலோ மட்டும் மேல்தோலைத் திறந்து விடுவோம். முறுக்கு, கரும்பு கடிக்கட்டும்.

பிப்ரவரி 2

அம்மா நேற்று என் கிளினிக்குக்கே வந்துவிட்டார், மூன்று மணி நேரப் பஸ் பயணம். குளிர்ச் சோதனை செய்தேன். வலது, இடது, இரண்டு பக்கமும் சுருக்கென்று பதில். அந்தப் பல்லில் யாரும் கை வைக்கத் தேவையில்லை.

கட்டியை முழுப்பையாக எடுக்க அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறது. ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். நிறுத்தச் சொல்லவில்லை. தாமாக நிறுத்தவும் வேண்டாம், இதய டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த அளவு வேலைக்குத் தையலும் பஞ்சு அழுத்தமும் போதும்.

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றதும் மகன் தயங்கினார். ‘புற்று இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, அந்தச் செலவு எதற்கு?’ நியாயமான கேள்வி. கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு இளைஞர் வந்தார். கீழ்த்தாடையில் இதே இடத்தில் கட்டி. வேறு ஊரில் ஒரு இடத்தில் ‘சின்ன சிஸ்ட்’ என்று எடுத்திருக்கிறார்கள். எடுத்ததைக் குப்பையில் போட்டுவிட்டார்கள், அறிக்கை இல்லை. மூன்று வருடத்தில் திரும்ப வந்தது, இந்த முறை மூன்று பல் நீளத்துக்கு எலும்புக்குள். நாங்கள் அனுப்பியபோது கெரட்டோசிஸ்ட் என்று வந்தது. பார்வைக்கு அப்பாவியாகவே இருக்கும், ஆனால் அதன் சுவர் மெல்லியது, கிழிந்து உள்ளே தங்கும், சுற்றிலும் குட்டிப் பைகள் விடும். திரும்ப வருவதில் கெட்டிக்காரன். அதைச் சுரண்டி எடுத்தால் மட்டும் போதாது. எலும்புச் சுவரையும் கவனிக்க வேண்டும், பல வருடம் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் முறையே அறிக்கை இருந்திருந்தால் அந்த இளைஞர் வருடா வருடம் வந்திருப்பார், பட்டாணி அளவிலேயே பிடித்திருப்போம்.

நுண்ணோக்கியில் பார்க்கிறவர்களே இதன் இயல்பைப் பற்றி நெடுநாள் வாதாடியிருக்கிறார்கள். 1956-இல் பிலிப்சென் பெயர் வைத்தார், 2005-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு அதைக் கழலைப் பட்டியலுக்கு மாற்றியது, 2017-இல் மறுபடியும் நீர்க்கட்டியாக்கியது. ஒரே ஆளுக்கு இப்படிப் பல கட்டி வந்தால் கோர்லின் நோய்க்குறி என்ற பரம்பரைக் கோளாறையும் தேடுவோம். விலா எலும்பு, தோல் எல்லாம் பார்க்க வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பை எடுக்கும்போது என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம் என்று சொல்கிறேன். கையில் பணம் இல்லை என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் ஓரல் பேத்தாலஜி துறை இருக்கிறது, அங்கே கேளுங்கள்.

பிப்ரவரி 3

பல் டாக்டராக இருக்கும் தம்பி ஒருவர், சதையை எதில் போட்டு அனுப்புவது என்று கேட்டார். பத்து சதவீத ஃபார்மலின். சதையின் அளவைப் போலப் பத்து மடங்காவது இருக்க வேண்டும். சலைனில் போட்டு இரண்டு நாள் வைத்தால் செல்கள் கரைந்துபோகும், ஒன்றுமே படிக்க முடியாது. பாட்டிலின் மூடியில் பெயர் எழுதாதீர்கள், மூடி மாறிவிடும், பாட்டிலின் உடம்பில் எழுதுங்கள். விண்ணப்பத்தில் ‘ஈறு கட்டி’ என்று இரண்டு சொல்லோடு விடாமல், பல் உயிரோடு இருந்ததா, படத்தில் என்ன தெரிந்தது என்று எழுதுங்கள். பெயர் வைக்கிறவருக்கு அது பாதி வேலை.

பிப்ரவரி 10

எடுத்தாயிற்று. ஊசி போட்டு இருபது நிமிடம். பை முழுதாக வந்தது, மூன்று தையல். நரம்பு வாசல் பக்கத்திலேயே இருப்பதால் கீறலைக் கீழே நீட்டவில்லை, உதடு உணர்ச்சி நன்றாக இருக்கிறது.

ஜனவரி 15-இல் ‘எலும்பில் எதுவும் இல்லை’ என்கிற பொருள்பட எழுதியிருந்தேன். பையை எடுத்ததும் அடியில் எலும்பில் கிண்ணம் மாதிரி ஒரு சின்னப் பள்ளம். மேற்பரப்பை மட்டும் அழுத்தித் தேய்த்திருக்கிறது. எக்ஸ்ரேயில் தெரியாததற்குக் காரணம், வெளிச் சுவரின் இத்தனை மெல்லிய குறைவு பின்னால் இருக்கிற பல்லின் நிழலில் மறைந்துவிடும். பையின் அழுத்தத்தால் இப்படி ஆகும் என்று படித்ததுதான். படத்தை வைத்து ‘தெரியவில்லை’ என்று சொல்லலாமே தவிர ‘இல்லை’ என்று சொல்லியிருக்கக் கூடாது.

பிப்ரவரி 17

தையல் பிரித்தேன். ஈறு இளஞ்சிவப்பாக ஒட்டியிருக்கிறது, ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. அம்மாவுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது.

பிப்ரவரி 24

அறிக்கை வந்தது. ஒன்று முதல் மூன்று அடுக்கு மெல்லிய செல் உறை, ஆங்காங்கே தடிப்பு, தடிப்பில் தெளிந்த செல்கள். அழற்சி இல்லை. பெரியவர்களின் ஈறு நீர்க்கட்டி. பை ஒற்றை அறைதான். பல அறையாக, திராட்சைக் கொத்து மாதிரி வந்திருந்தால் போட்ரியாய்ட் என்பார்கள். 1973-இல் வெதர்ஸ், வால்ட்ரன் இருவரும் பிரித்துச் சொன்ன வகை, அது திரும்ப வரும். அம்மாவுக்கு இருந்த இந்த ஒற்றை அறை வகை பெரும்பாலும் திரும்ப வராது.

மகனுக்கு: ஆறு மாதத்தில் ஒருமுறை காட்டுங்கள், அப்போது பள்ளம் நிறைந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன், குளிர் வைத்தும் ஒருமுறை பார்த்துவிடுவோம். வேர்க்கடலை, பட்டாணி எல்லாம் இடது பக்கமும் மெல்லலாம். அறிக்கையின் அசல் உங்கள் வீட்டில் இருக்கட்டும், எனக்கு நகல் போதும்.